பெட்ரோல் பைக்கும் பேட்டரியும்: ஒரு தீவுக் கணக்கு

பழைய பெட்ரோல் பைக்கின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரும் பேட்டரியும் போட்டு ஓட்டலாமா? இதை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஊரில் தம்பி கேட்கிறான், துபாயில் இருக்கும் மச்சான் கேட்கிறார், இங்கே போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து பெயர் ஸ்ரீ விஜய புரம், வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது) வங்கிக்கு வருகிற வாடிக்கையாளர்களும் கேட்கிறார்கள். நான் பி.காம். படித்தவன். மோட்டாரைப் பற்றிப் பாடம் எடுக்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியும், பழைய கதைகளைத் தேடிப் படிக்கப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சார வண்டி நேற்று வந்த புதுசு இல்லை. நம்ம சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது, 1953 வரை ஓடியது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டிய காரும் மின்சாரக் கார்தான். பெல்ஜியத்துக்காரர் கமீல் ஜெனட்சி 1899-ல் ஓட்டினார். 1900 வாக்கில் அமெரிக்காவில் ஓடிய வண்டிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்வண்டி. அதே 1900-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷே ஒரு கலப்பின வண்டியைச் செய்தார். பெட்ரோல் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரம் சக்கரத்தின் குடத்துக்குள் இருக்கிற மோட்டாருக்குப் போகும். இன்றைக்கு பைக் மாற்றும் கிட்டில் பின் சக்கரத்துக்குள் வைத்துத் தருகிறார்களே 'ஹப் மோட்டார்', அதன் தாத்தா அதுதான்.

பிறகு ஏன் பெட்ரோல் ஜெயித்தது? மூன்று காரணம். பெட்ரோல் மலிவானது. 1908-ல் ஃபோர்டின் மாடல் டி வந்து வண்டி விலையைக் குறைத்தது. 1912-ல் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் காடிலாக் காரில் வந்ததும், கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புகிற தொல்லை போனது. ஈய பேட்டரியின் கனத்தைச் சுமந்துகொண்டு மின்வண்டியால் போட்டி போட முடியவில்லை.

ஆனால் பெட்ரோல் வராமல் போன காலங்கள் உண்டு. வண்டியை வேறு எரிபொருளுக்கு மாற்றுகிற வரலாறு அங்கேதான் நமக்கும் ஆரம்பிக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன். நம்மூர் பஸ்களின் பின்னால் பாய்லர் மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, அதில் கரியை எரித்து, வருகிற வாயுவை எஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டினார்கள். 'கரி பஸ்' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிளம்புவதற்கு முன் கிளீனர் ஊதுலையின் கைப்பிடியைச் சுற்றி அடுப்பைப் பிடிக்க வைக்கவேண்டும். பெட்ரோலில் கிடைக்கிற சக்தி அதில் கிடைக்காது, மேடு வந்தால் திணறும். போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் அந்த அடுப்புகள் காயலான் கடைக்குப் போயின.

அடுத்தது யாழ்ப்பாணம். 1990-ல் போர் மறுபடி மூண்டபின் வடக்குக்கு எரிபொருள் போகத் தடை. 1990களின் முதல் பாதி முழுக்க மோட்டார் சைக்கிளும் பழைய மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை, பிளக்கில் கரி, எஞ்சினில் தட்டுகிற சத்தம் எல்லாம் இருந்தும் ஓட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி இல்லை. இதைப் படிக்கிறவர்களில் சிலர் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்து போயிருப்பீர்கள், எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். பெட்ரோல் திரும்பக் கிடைத்ததும் அந்த ஏற்பாடும் மறைந்தது.

இரண்டிலும் பாடம் ஒன்றே. தட்டுப்பாட்டுக்காகச் செய்த மாற்றம் தட்டுப்பாடு தீர்ந்ததும் போய்விடும். நிலைக்கவேண்டுமென்றால் வேறு ஏதாவது துணைக்கு வேண்டும்.

துணை கிடைத்த இடம் காத்மாண்டு. அங்கே புகை கக்கிக்கொண்டு ஓடிய டீசல் டெம்போ ஒன்றை 1993-ல் சோதனையாக மின்சாரத்துக்கு மாற்றினார்கள். அதிலிருந்து வந்ததுதான் 'சஃபா டெம்போ'. சஃபா என்றால் சுத்தம். 1999-ல் நேபாள அரசு காத்மாண்டு பள்ளத்தாக்கில் டீசல் மூன்றுசக்கர வண்டியையே தடை செய்தது. அறுநூறுக்கும் மேல் சஃபா டெம்போ ஓடியது, பல வண்டிகளை ஓட்டியவர்கள் பெண்கள். பேட்டரி தீர்ந்தால் சார்ஜிங் நிலையத்தில் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு போவார்கள். அங்கே சட்டம் கைகொடுத்தது. இன்னொன்றும் கைகொடுத்தது: நேபாளத்தின் மின்சாரம் பெரும்பாலும் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வருகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தமானுக்கு வரும்போது தேவைப்படும்.

நம் நாட்டிலும் அதே 1993-ல் 'லவ்பேர்ட்' என்ற இரண்டுபேர் மின்சாரக் கார் டெல்லி கண்காட்சிக்கு வந்தது. எடி எலெக்ட்ரிக் என்ற நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவாவோடு சேர்ந்து, கேரளத்தின் சாலக்குடியிலும் நம்ம கோயம்புத்தூரிலும் செய்தது. அதிகம் ஓடவில்லை. 2010-ல் கே.பி.ஐ.டி. கம்மின்ஸும் பாரத் ஃபோர்ஜும் சேர்ந்து 'ரெவோலோ' என்ற கிட்டை அறிவித்தன. ஓடிக்கொண்டிருக்கிற பெட்ரோல் காரில் ஒரு மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்துக் கலப்பினமாக்குவது. எஞ்சின் அப்படியே இருக்கும், மோட்டார் பெல்ட் வழியாகத் தோள் கொடுக்கும். நல்ல யோசனை. ஆனால் கடையில் போய் வாங்குகிற பொருளாக அது வரவே இல்லை.

இருசக்கரத்தில் கலப்பினத்துக்கு அதைவிடக் கஷ்டம். டி.வி.எஸ். 2010-ல் 'க்யூப்' என்ற கலப்பின ஸ்கூட்டரைக் காட்டியது, ஹீரோ 2012-ல் 'லீப்' காட்டியது. இரண்டும் கண்காட்சியோடு சரி. 2020-ல் டி.வி.எஸ். விற்பனைக்குக் கொண்டுவந்த ஐக்யூப் முழு மின்சார வண்டி. காரணம் எளிது. பைக்கில் இடமே இல்லை. எஞ்சின், டேங்க், மோட்டார், பேட்டரி நான்கையும் ஒரே சட்டத்தில் மாட்டினால் இரண்டு செலவும் வரும், இரண்டு ரிப்பேரும் வரும். அதனால் பைக் மாற்றுகிறவர்கள் எஞ்சினை எடுத்துவிட்டு முழு மின்சாரத்துக்கே போகிறார்கள்.

இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? வாங்கிய வண்டியில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்ய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிப்பதில்லை. ஆனால் பேட்டரி, சி.என்.ஜி., எல்.பி.ஜி., சூரியசக்தி ஆகியவற்றுக்கு மாற்றும் கிட்டுக்கு அதே பிரிவில் வழி இருக்கிறது. மத்திய அரசு 2016-ல் விதிகளைத் திருத்தி, கிட்டுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தரத்தையும் சோதனையையும் வைத்தது. சோதனையில் தேறிய கிட், அங்கீகாரம் உள்ள ஆள் பொருத்தவேண்டும், ஆர்.டி.ஓ. பார்த்து ஆர்.சி.யில் எரிபொருளை மாற்றித் தரவேண்டும். 2021-ல் தானேயைச் சேர்ந்த கோகோஏ1 நிறுவனம் ஹீரோ ஸ்ப்ளெண்டருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் உள்ள கிட் கொண்டுவந்தபோதுதான் இந்தப் பேச்சு டீக்கடை வரைக்கும் வந்தது. கிட் சுமார் 35,000 ரூபாய், பேட்டரி தனி. எல்லாம் சேர்த்தால் லட்சத்தை ஒட்டி வந்தது.

சரி, இப்போது தீவுக்கு வருவோம். ஜங்கிலிகாட் பக்கம் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். "சார், நாலு வண்டியை மாத்திக் காமிச்சா நாப்பது பேர் வருவாங்க. லோன் கிடைக்குமா?" என்றார். அவருக்காகப் போட்ட கணக்கை உங்களுக்கும் தருகிறேன்.

இது சின்ன தீவு. ஆபீசுக்கும் அபெர்டீன் பஜாருக்கும் போய்வருகிறவர் ஒரு நாளைக்கு 20 கி.மீ. ஓட்டுவார். 300 நாளுக்கு 6,000 கி.மீ. மேடும் பள்ளமுமான எங்கள் ரோட்டில் லிட்டருக்கு 50 என்று வைத்தால் வருடம் 120 லிட்டர். இங்கே வரி மிகக் குறைவு என்பதால் பெட்ரோல் விலையும் குறைவு. 2024-ல் சென்னையில் லிட்டர் நூறைத் தாண்டியிருந்தபோது இங்கே 82 சொச்சம். ஆக வருடச் செலவு சுமார் 9,900 ரூபாய். மின்சாரத்தில் 100 கி.மீ.க்கு மூன்றரை யூனிட் என்று வைத்தால் வருடம் 210 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று போட்டாலும் 1,470. மிச்சம் எட்டாயிரத்து நானூறு. லட்ச ரூபாயை எடுக்க 12 வருஷம் ஆகும், அதற்குள் பேட்டரி போய்விடும்! இதே ஆள் பார்சல் கொடுப்பவராகவோ லைனுக்குப் போகும் விற்பனையாளராகவோ இருந்து ஒரு நாளைக்கு 60 கி.மீ. ஓட்டினால் மிச்சம் மூன்று மடங்கு. நாலு வருஷத்தில் பணம் திரும்பும். மாற்றம் யாருக்கு லாபம் என்பதற்கு இதுதான் பதில்.

காசு போகட்டும், சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே என்பீர்கள். இங்கேதான் காத்மாண்டுவை நினைக்கவேண்டும். அந்தமானில் மின்சாரத்தின் பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டரில் பிறக்கிறது. அந்த டீசல், பெட்ரோல் மாதிரியே கப்பலில் வருகிறது. சென்னையிலிருந்து கடல்வழி ஏறக்குறைய 1,200 கி.மீ. 2020-ல் கடலுக்கடியில் இணையக் கேபிள் வந்துவிட்டது, மின்சாரக் கம்பி வரவில்லை. ஆக எஞ்சினைக் கழற்றினால் புகை ரோட்டிலிருந்து பவர் ஹவுசுக்கு இடம் மாறுகிறது.

அப்படியானால் பிரயோஜனமே இல்லையா? அதையும் கணக்குப் போட்டேன். வீட்டு பிளக்கில் 210 யூனிட் கிடைக்க, வழியில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தால், ஜெனரேட்டரில் சுமார் 262 யூனிட் பிறக்கவேண்டும். யூனிட்டுக்கு 0.27 லிட்டர் டீசல் என்றால் 71 லிட்டர். முன்பு 120 லிட்டர் பெட்ரோல், இப்போது 71 லிட்டர் டீசல். கரியமில வாயு கணக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பெரிய ஜெனரேட்டர் சின்ன பைக் எஞ்சினைவிடச் சிக்கனமானது, அதனால் இந்த லாபம். லாபம்தான், ஆனால் விளம்பரத்தில் சொல்கிற 'பூஜ்யம் புகை' இல்லை. அதோடு, இங்கே ஒரு யூனிட்டை உற்பத்தி செய்ய ஆகிற செலவு நாம் கட்டுகிற பில்லைவிடப் பல மடங்கு அதிகம். மீதியை அரசு ஏற்கிறது. நாம் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிற பணத்தில் ஒரு பகுதியை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

இந்தக் கணக்கை மாற்றக்கூடியது வெயில். 2013 வாக்கில் கராச்சர்மாவில் என்.டி.பி.சி. 5 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைத்தது. பிறகு நம்ம நெய்வேலிக்காரர்கள், என்.எல்.சி., தெற்கு அந்தமானில் 20 மெகாவாட்டும், கூடவே 8 மெகாவாட் மணி பேட்டரியும் அமைத்தார்கள், 2020-ல் முடிந்தது. நிலக்கரி தோண்டியவர்கள் இங்கே வந்து வெயிலை அறுவடை செய்கிறார்கள். டிக்லிபூரில் 2001-லிருந்து கல்பாங் புனல்மின் நிலையம், 5.25 மெகாவாட், வடக்கு அந்தமானுக்குக் கொடுக்கிறது. டிக்லிபூரில் பைக்கை மாற்றினால் தண்ணீரில் ஓடுகிற வண்டி, போர்ட் பிளேரில் மாற்றினால் பெரும்பாலும் டீசலில் ஓடுகிற வண்டி! ஒரே யூனியன் பிரதேசம்தான்.

அந்த மெக்கானிக்கிடம் நான் சொன்னது இவ்வளவுதான். அங்கீகாரம் இல்லாத கிட்டுக்கு வங்கி காசு தராது. ஏற்கெனவே லோன் இருக்கிற வண்டியென்றால் வங்கியின் எழுத்து அனுமதி வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் மாற்றினால் விபத்து நேரத்தில் கிளெய்ம் நிற்காது. பேட்டரியில் மட்டும் சிக்கனம் கூடாது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜில் போட்ட மின்சார ஸ்கூட்டர் எரிந்து, புகையில் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அது கம்பெனியிலிருந்து வந்த வண்டி. அதற்கப்புறம்தான் பேட்டரித் தரம் கடுமையானது. கையால் கட்டிய பேட்டரியை உப்புக் காற்றும் மழையும் உள்ள இந்த ஊரில் படுக்கையறைப் பக்கம் வைத்துச் சார்ஜ் செய்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, "அப்போ அதிகம் ஓட்டுறவங்களை மட்டும் பிடிக்கிறேன் சார், கிட்டு பேப்பரோட வரேன்" என்றார். நல்ல வியாபாரி.

நீங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு, அப்பாவின் பழைய பைக்கை மாற்றிக் கொடுக்கலாம் என்று பணம் அனுப்ப நினைத்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அப்பா ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. ஓட்டுகிறார்? ஐந்து கி.மீ. என்றால் வேண்டாம், இருக்கிற வண்டியை நன்றாகச் சர்வீஸ் செய்யுங்கள். கிட்டுக்கும் பேட்டரிக்கும் சான்றிதழ் இருக்கிறதா, பக்கத்து டவுனில் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்கிறதா? மூன்றாவது, மாடியில் ஒரு சோலார் பேனல் வைக்க இடமிருக்கிறதா? மேலே சொன்ன 20 கி.மீ. வண்டிக்கு ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்கூட வேண்டியதில்லை. நல்ல வெயில் நாளில் ஒற்றைப் பேனல் அதைத் தந்துவிடும். கப்பலையும் பவர் ஹவுசையும் எதிர்பார்க்காமல் வண்டி ஓடும். போர்க்காலக் கரி பஸ்ஸுக்கும் யாழ்ப்பாணத்து மண்ணெண்ணெய் வண்டிக்கும் கிடைக்காத துணை இது.

உங்களில் யாராவது மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தால் 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று எழுதுங்கள். என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன் :-)