மக்காச்சோளம்: காட்டுப்புல் பயிரான வரலாறு

மக்காச்சோளத்தின் மூதாதை தியோசின்டே என்னும் காட்டுப்புல். மெக்சிகோவின் தென்மேற்கே, குர்ரேரோ மாநிலத்தின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் அது தானாகவே முளைத்து வளர்கிறது. ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி மக்கள் அதைப் பயிராக்கத் தொடங்கினர். மனிதத் தேர்வு ஓர் உயிரினத்தை எவ்வளவு தூரம் மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தியோசின்டே, மக்காச்சோளம் இரண்டின் கதிர்களையும் அருகருகே வைத்தால், உறவு என்று சொன்னாலும் நம்பத் தோன்றாது. தியோசின்டே கதிரில் ஐந்து முதல் பன்னிரண்டு மணிகளே உண்டு. ஒவ்வொன்றும் கெட்டியான ஓட்டுக்குள் இருக்கும். முற்றியதும் கதிர் துண்டு துண்டாக உதிர்ந்துவிடும். விலங்கு தின்றாலும் ஓடு செரிக்காமல் விதை சாணத்தோடு வெளிவந்து முளைக்கும். உதிர்தலும் ஓடும் இயற்கைத் தேர்வு அளித்த பாதுகாப்பு. அறுவடை செய்பவருக்கோ இரண்டுமே இடைஞ்சல். உதிராமல் நின்ற கதிர்தான் கைக்கு வந்தது, கைக்கு வந்ததே அடுத்த விதைப்புக்கும் போனது. இன்றைய கதிரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மணிகள், ஓடின்றி, தக்கையோடு ஒட்டியிருக்கின்றன. மடல் மூடிய கதிர் அப்படியே மண்ணில் விழுந்தால் நாற்றுகள் ஒரே இடத்தில் நெருக்கியடித்து முளைத்து மடியும். மனிதர் உரித்து விதைக்காவிட்டால் இப்பயிருக்கு வாழ்வில்லை.

இந்த உறவு எளிதில் ஏற்கப்படவில்லை. 1930களின் இறுதியில் மாங்கல்ஸ்டார்ஃப், ரீவ்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும், மக்காச்சோளத்தின் மூதாதை அழிந்துபோன வேறொரு காட்டுச்சோளம் என்றனர். மரபியலாளர் ஜார்ஜ் பீடில் 1939இல் அதை மறுத்தார். தியோசின்டே மணியைச் சூடேற்றினால் ஓட்டை உடைத்துக்கொண்டு பொரியும், ஆகவே பழங்குடிகள் அதை உண்டிருக்க முடியும் என்று காட்டினார். 1958இல் வேறொரு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அவர், 1968இல் ஓய்வு பெற்றதும் இந்தக் கேள்விக்கே திரும்பினார். மக்காச்சோளத்தையும் தியோசின்டேயையும் கலப்பு செய்து, இரண்டாம் தலைமுறையில் சுமார் 50,000 செடிகளை வளர்த்துப் பார்த்தார். ஏறத்தாழ 500 செடிக்கு ஒன்று தியோசின்டேயை ஒத்திருந்தது. அதே அளவில் மக்காச்சோளத்தை ஒத்தவையும் இருந்தன. வேறுபாட்டுக்கு நான்கு மரபணுக்கள் காரணமென்றால் 256க்கு ஒன்று வரவேண்டும். ஐந்தென்றால் 1,024க்கு ஒன்று. கிடைத்த விகிதம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதால், நான்கைந்து மரபணுக்களே பெரும் மாற்றத்தைச் செய்தன என்று அவர் முடிவு கட்டினார்.

பின்னர் மரபியலாளர் ஜான் டோப்ளி குழுவினரின் ஆய்வுகள் அந்தக் கணக்கைப் பெரிதும் மெய்ப்பித்தன. பக்கக்கிளைகளை அடக்கி ஒற்றைத் தண்டாக்குவது ஒரு மரபணு. மணியை ஓட்டிலிருந்து விடுவிப்பது இன்னொன்று. கிளையை அடக்கும் மாற்றம் உழவர் காலத்தில் புதிதாகத் தோன்றியதன்று. பயிராக்கம் தொடங்குவதற்குக் குறைந்தது 10,000 ஆண்டுகள் முன்பே சில காட்டுச்செடிகளில் அது இருந்தது. உழவர் தேடியெடுத்துப் பெருக்கினர், அவ்வளவே. டார்வின் 1859இல் வலியுறுத்தியதும் இதுதான்: வேறுபாடுகளை இயற்கை தருகிறது, மனிதர் அவற்றைச் சேர்த்துக் குவிக்கின்றனர்.

தொல்லியல் சான்றுகளும் ஒத்துவருகின்றன. பால்சாஸ் பகுதியின் ஷிஹுவாடோஸ்ட்லா பாறைக்குகையில் கிடைத்த மக்காச்சோள மாவுத்துகள்கள் சுமார் 8,700 ஆண்டுப் பழமையானவை. வஹாக்கா மாநிலத்தின் கிலா நகீட்ஸ் குகைக் கதிர்கள் சுமார் 6,250 ஆண்டு.

தேர்வின் ஆற்றல் அண்மைக் காலத்திலும் வெளிப்பட்டது. இலினாய் பல்கலைக்கழகத்தில் 1896இல் 163 கதிர்களோடு தொடங்கிய தேர்வுச் சோதனையில், மணியின் எண்ணெய் அளவு ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவிலிருந்து நூறு தலைமுறைக்குள் இருபதை நெருங்கியது. குறுகிய தேர்வின் ஆபத்தும் இதே பயிரில்தான் வெளிப்பட்டது. 1970இல் அமெரிக்க வயல்களில் பெரும்பாலானவை ஒரே தாய்வழி மரபுக்கூறு கொண்ட விதைகளால் நிரம்பியிருந்தன. இலைக்கருகல் பூஞ்சை அந்த ஒற்றுமையைப் பயன்படுத்திப் பரவி, விளைச்சலில் சுமார் 15 விழுக்காட்டை அழித்தது.

ஆகவே வேறுபாடுகளைத் தாங்கியிருக்கும் காட்டு உறவினங்களைக் காப்பது உழவின் அவசியத் தேவை. ஹலிஸ்கோ மாநில மலைகளில் 1970களின் இறுதியில், பல நச்சுயிரி நோய்களைத் தாங்கும் பல்லாண்டுத் தியோசின்டே கண்டறியப்பட்டது. அதைக் காக்கும் நோக்கோடு 1987இல் மெக்சிகோ அரசு சியர்ரா தெ மனன்ட்லான் பகுதியை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.