விசை வரைபடத்தின் மூலம் உராய்வுக் கெழுவைக் காணல்

உராய்வுக் கெழு என்பது, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகளுக்கு இடையே தோன்றும் உராய்வு விசைக்கும், அப்பரப்புகளைச் சேர்த்து அழுத்தும் செங்குத்து விசைக்கும் உள்ள விகிதம் ஆகும். இரு விசைகளின் விகிதம் என்பதால் இதற்கு அலகு இல்லை. கிரேக்க எழுத்தான மியூ இதன் குறியீடாகும்.

உராய்வு விசை செங்குத்து விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் கியோம் அமோன்தன் 1699 ஆம் ஆண்டில் வெளியிட்டார். லியொனார்டோ டா வின்சி அதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்னரே இதனைத் தம் குறிப்பேடுகளில் எழுதியிருந்தும் வெளியிடவில்லை. இந்த நேர்விகிதத்தின்படி, செங்குத்து விசையைக் கிடை அச்சிலும் உராய்வு விசையை நிலை அச்சிலும் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அக்கோட்டின் சரிவே உராய்வுக் கெழு.

செய்முறை

மேசை மீது வைத்த மரக்கட்டையில் நூலைக் கட்டி, கப்பி வழியாக மறுமுனையில் ஒரு தட்டைத் தொங்கவிடுவர். கட்டை நகரத் தொடங்கும் வரை தட்டில் சிறு எடைகள் சேர்க்கப்படும். நகரத் தொடங்கும் கணத்தில் தொங்கும் மொத்த எடை, எல்லை உராய்வு விசைக்குச் சமம். பின்னர்க் கட்டையின் மேல் எடைகளை ஏற்றிச் சோதனை மீண்டும் செய்யப்படும். நூல் கிடையாக இருத்தல் வேண்டும். அது மேல்நோக்கிச் சாய்ந்தால் கட்டையைச் சற்றே தூக்குவதால், செங்குத்து விசை கட்டையின் எடையைவிடக் குறைந்துவிடும்.

ஒரே அளவீட்டில் வகுத்தால் போதாதா என்னும் ஐயம் மாணவர்க்கு எழுவது இயல்பு. எடுத்துக்காட்டாக, செங்குத்து விசை 2, 4, 6, 8 நியூட்டனாக இருக்கும்போது தட்டில் இட்ட எடைகள் முறையே 0.5, 1.2, 1.9, 2.6 நியூட்டன் எனக் கொள்வோம். தனித்தனியே வகுத்தால் 0.25, 0.30, 0.32, 0.33 என வெவ்வேறு விடைகள் வருகின்றன. கோட்டின் சரிவோ (2.6 − 0.5) ÷ (8 − 2) = 0.35. கோடு தொடக்கப்புள்ளி வழியே செல்லாமல் நிலை அச்சை −0.2 நியூட்டனில் வெட்டுகிறது. தட்டின் சொந்த எடையான 0.2 நியூட்டன் கணக்கில் விடுபட்டதே காரணம். எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில் கீழிறக்கும் இத்தகைய பிழை சரிவைத் தொடுவதில்லை. வகுத்துப் பெற்ற நான்கு விடைகளும் தவறாக, சரிவு மட்டும் சரியாக இருப்பது இதனாலேயே.

எனினும் வரைபடம் எல்லாப் பிழைகளையும் காட்டிக்கொடுக்காது. கப்பியின் உராய்வு சுமையோடு சேர்ந்து வளர்வதால் சரிவையே கூட்டிவிடும். கோடு அப்போதும் நேராகவே தோன்றும். நன்கு சுழலும் கப்பியைத் தேர்வதைத் தவிர இதற்கு எளிய வழி இல்லை.

விசை–நேர வரைபடம்

விசை உணரி கொண்டு கட்டையை மெல்ல இழுத்தால், விசை படிப்படியாக உயர்ந்து ஓர் உச்சத்தை அடைந்து, கட்டை நகர்ந்ததும் சற்றுத் தாழ்ந்து ஏறத்தாழச் சமமாக நிற்கும். உச்ச மதிப்பைச் செங்குத்து விசையால் வகுக்க நிலை உராய்வுக் கெழுவும், சமதளப் பகுதியின் சராசரியை வகுக்க இயக்க உராய்வுக் கெழுவும் கிடைக்கும். பின்னதற்குக் கட்டை சீரான வேகத்தில் நகர வேண்டும்; முடுக்கம் இருப்பின் விசையின் ஒரு பகுதி அதற்கே செலவாகும்.

இரப்பர் போன்ற மென்மையான பொருள்களில் கோடு நேராக அமையாமல் வளையக்கூடும். அப்போது கெழு ஒரே எண்ணாக இராது. எந்தச் செங்குத்து விசையில் அளந்தது என்பதையும் உடன் குறிப்பிட வேண்டும்.