மறந்துபோன மந்திரச் சொல்

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறம்பக்குடி பக்கத்தில் இது ஒன்றும் பெரிய கற்பனை இல்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போய் வந்தவர்கள் நிறைந்த மண். 1990-களின் கடைசியில் சித்தப்பா கொண்டுவந்த பெட்டி அது. கறுப்பாக, செங்கல் கனத்தில். சித்தப்பா இப்போது இல்லை. அவர் அடித்துவைத்த மொய்க் கணக்கு மட்டும் அதற்குள் இருக்கிறது.

மொய்க் கணக்குதானே என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து. இலையில் சோறு போட்டுப் பணம் வாங்குவார்கள். அது வட்டியில்லாக் கடன். கொடுத்தவர் விருந்து வைக்கும்போது, வாங்கினதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்தாக வேண்டும். கணக்கு தொலைந்தால் பணமும் போச்சு, மானமும் போச்சு!

சுவிட்சைப் போடுகிறீர்கள். திரையில் ஒரு குட்டிப் பூட்டுப் படம். பாஸ்வேர்டு கேட்கிறது. இதைக் கேட்பது விண்டோஸ் இல்லை. விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே, மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் பயாஸ் என்ற காவல்காரர் கேட்கிறார். இந்தக் காவல்காரர் எங்கிருந்து வந்தார்?

1984-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி. ஏ.டி. கம்ப்யூட்டரின் முகப்பில் நிஜமான பூட்டு ஒன்று இருந்தது. சாவி போட்டுத் திருப்ப வேண்டும். நம்ம திண்டுக்கல் ஆசாரிகள் பார்த்தால் சிரித்திருப்பார்கள். 1987-ல் வந்த பி.எஸ்-2 வரிசையில் சாவிக்குத் துணையாக ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது. சொன்னால்தான் மெஷின் எழும்பும். ஆனால் அந்தச் சொல்லை மெஷின் நினைவில் வைத்திருந்தது ஒரு சின்ன பேட்டரியின் தயவில். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்தால் மெஷினுக்கும் மறதி வந்துவிடும். சொந்தக்காரருக்கு மறந்தால் மெஷினையும் மறக்க வைக்கலாம். நியாயமான ஏற்பாடு!

மேசைக் கம்ப்யூட்டருக்கு இது போதும். லேப்டாப் கதை வேறு. விமான நிலையத்தில் ஒரு நொடி திரும்பினால் காணாமல் போகிற சாமான். திருடனும் பேட்டரியைக் கழற்றுவானே?

அதனால் கம்பெனிகள் யோசித்தன. தோஷிபா செய்த ஏற்பாடு வேடிக்கையானது. அதன் அந்தக் காலத்து மாடல்கள் பலவற்றில், பிரின்டர் செருகுகிற துளையில் குறிப்பிட்ட ஊசிகளை ஒன்றோடொன்று இணைத்த ஒரு முளையைச் சொருகினால் பாஸ்வேர்டு கேட்காது. இன்னும் சிலவற்றுக்கு ஒரு ஃபிளாப்பி போதும். அதன் இரண்டாவது செக்டாரில் முதல் மூன்று எழுத்து ‘கே, இ, ஒய்’. சாவி என்று எழுதியிருப்பதுதான் சாவி! வேறு சில பயாஸ்கள் மூன்று முறை தப்பாக அடித்தால் ஓர் ஐந்து இலக்க எண்ணைக் காட்டும். கம்பெனிக்காரரிடம் அதைச் சொன்னால், திறக்கும் சொல்லை அவர் சொல்வார். அந்தக் கணக்கு மொத்தம் 65,536 விதங்களுக்குள் அடங்கிவிடுவதால், பிற்பாடு ஆர்வலர்களே அதை உடைத்துவிட்டார்கள்.

அசைந்து கொடுக்காதது ஐ.பி.எம்.மின் திங்க்பேட். அதன் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, மின்சாரமே இல்லாவிட்டாலும் மறக்காத எட்டுக்கால் சில்லு ஒன்றில் பதிந்துவிடும். பேட்டரியைக் கழற்றி ஒரு வருஷம் வைத்தாலும் பயனில்லை. சொல் மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்றச் சொன்னது கம்பெனி. திருடனைத் தடுக்கப் போட்ட பூட்டின் அபராதம் முழுக்க மறதிக்காரர் தலையில்! எனக்கு இது சரியாகப் படவில்லை.

மெக்கானிக்குகள் விடுவார்களா? அந்தச் சில்லின் கால்களில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, இன்னொரு கம்ப்யூட்டர் வழியாக உள்ளே இருப்பதைப் படித்தார்கள். அங்கேயும் பாஸ்வேர்டு எழுத்தாக இருக்காது. கீபோர்டில் எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்ற எண்ணாக இருக்கும். அட்டவணை வைத்து எழுத்தாக்க வேண்டும். கை நடுங்கினால் போர்டு காலி.

ஆனால் உங்களுக்கு இந்த வித்தையெல்லாம் தேவையே இல்லாமல் போகலாம். உங்களுக்கு வேண்டியது பெட்டியா, கணக்கா? பயாஸ் பாஸ்வேர்டு காப்பது பெட்டியைத்தான். நாலைந்து திருகாணி கழற்றி, ஹார்டு டிஸ்க்கை உருவி, சில நூறு ரூபாய் அடாப்டரில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் செருகுங்கள். பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். சித்தப்பா டிஸ்க்குக்கும் தனியாகப் பூட்டுப் போட்டிருந்தால்தான் சங்கடம். 1990-களின் பிற்பகுதியிலேயே அந்த வசதியும் வந்துவிட்டது. அந்தப் பூட்டு டிஸ்க்கோடேயே போகும்.

சரி, டிஸ்க் திறந்துவிட்டது. ஃபைலைத் திறந்தால்... தமிழையே காணோம்! எம், கே, செமிகோலன், கே, எச் என்று என்னவோ ஓடுகிறது. பதற வேண்டாம். அது ‘அம்மா’! பாமினி எழுத்துருவில் அடித்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்காரவைத்தார்கள். ஆளுக்கு ஓர் இடம், கடைக்கு ஓர் எழுத்துரு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் ‘தமிழ்நெட் 99’ மாநாடு கூட்டி, டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை அறிவித்தார்கள். பழைய ஃபைல்கள் பழையபடியே கிடந்தன. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது.

எந்த எழுத்துரு என்று சித்தப்பா எங்கும் குறித்து வைத்திருக்க மாட்டார். டிஸ்க்கில் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரைப் பாருங்கள், பெயர் அங்கே இருக்கும். அந்தப் பெயருக்கான மாற்றி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஃபைலை ஒரு நகல் எடுத்துவிட்டு, நகலை மட்டும் மாற்றுங்கள்.