காமமும் காதலும்

'காமம்' என்ற சொல்லை வகுப்பிற் கேட்டாலே நம்மிற் பலர் தலைகவிழ்கின்றனர். காமத்துப்பாலை 'இன்பத்துப்பால்' என்றே சொல்லி அமைவோரும் உளர். தொல்காப்பியக் களவியலோ தலைமக்களின் கூட்டத்தைக் 'காமக் கூட்டம்' என்றே வழங்கும். குறுந்தொகைத் தலைவியரும் தம் உள்ளத்து நோய்க்கு இப்பெயரே இடுவர். அங்கு உடலும் உள்ளமும் வேறுபிரிக்கப்படவில்லை.

'காதல்' அன்று காதலர்க்கு மட்டும் உரியதன்று. பெற்றோரின் பற்றையும் அது சுட்டிற்று; கம்பர் மகனையும் 'காதலன்' என்பார்.

'காமம்' நிறைவு குறிக்கும் 'கமம்' என்னும் உரிச்சொல்லிற் பிறந்தது என்பாருளர். எனினும் 'காம' இருக்குவேதத்திலேயே பயில்வதால், வடசொல் என்பதே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

இச்சொல் இழிந்தது எவ்வாறு? விடை குறளிலேயே உண்டு. மூன்றாம் பாலிற் போற்றிய காமத்தை வள்ளுவரே மெய்யுணர்தலில் வெகுளி, மயக்கங்களோடு சேர்த்துக் கெடவேண்டியது என்பார். பிற்காலத்தார் துறவியின் பொருளையே கைக்கொண்டனர். தலைவியின் பொருள் 'காதல்' என்னும் சொல்லிற் குடிபுகுந்தது.