நூறு சதம் என்னும் பழக்கம்

மகனின் மின்சாரக் காருக்கு இரவில் சார்ஜ் போடுவது என் பொறுப்பு. படுக்கப் போகுமுன் வயரைச் சொருகிவிட்டால் காலையில் நூறு சதம் காட்டும். நிறைகுடத்தைப் பார்த்த திருப்தி. சென்ற மாதம் மகன், "எண்பதோட நிறுத்துங்கப்பா, பாட்டரி கெட்டுடும். காரிலேயே விலை கூடினது அதுதான்" என்றான். சுருக்கென்றது. வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பல வருடம் காப்பாற்றி வருபவனுக்கா இந்தப் பாடம்?

பிறகு யோசித்தேன். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பௌதிக வகுப்பில் அதன் பெயர் 'அக்யுமுலாத்தர்'. 1859இல் அதைச் செய்தவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். இரண்டு ஈயத் தகடுகளைச் சேர்த்துச் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். ஈய பாட்டரி பிறந்தது அப்படித்தான். 1881இல் கமில் ஃபோர் தகடுகளில் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசி, கூடுதல் மின்சாரம் தேங்க வழி செய்தார். அதே வருடம் பாரிஸ் தெருவில் குஸ்தாவ் துரூவேயின் மின்சார மூன்று சக்கர வண்டி ஓடியது. 1899 ஏப்ரல் 29 அன்று பாரிஸை அடுத்த அஷேரில், கமில் ழெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் மின்சாரக் காரில் மணிக்கு 105.88 கிலோமீட்டரைத் தொட்டார். நூறைத் தாண்டிய முதல் கார் அதுதான். பெயர் 'லா ழாமே கோந்தாந்த்', அதாவது ஒருநாளும் திருப்தி அடையாதவள். பெயர் வைத்தவருக்கு என்ன மனக்குறையோ!

ஈய பாட்டரியைக் காலியாகக் கிடக்கவிட்டால் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு சரியாகச் சார்ஜ் ஏறாது. ஓட்டி முடித்ததும் நிரப்பி வை என்பது அதற்கான விதி. என் கை பழகியது அந்த விதிக்கு.

இன்றைய காரில் இருப்பதோ லித்தியம் அயன் பாட்டரி. 1991இல் சோனி கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த வகை. அதற்கு நிறைகுடமே சுமை. நூறு சதத்தில் நெடுநேரம் நின்றால் உள்ளே இருக்கும் ரசாயனம் மெல்லச் சிதையும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. நம் ஊர் மே மாதத்தைச் சொல்லவா வேண்டும்? அடியோடு வற்றவிடுவதும் ஆகாது. அன்றாட ஓட்டத்துக்கு இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் வைத்திருந்தால் நீடித்து உழைக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கு மட்டும் அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்கிறார்கள், மீட்டர் கணக்குத் தப்பாமல் இருக்க. உங்கள் வீட்டு வண்டி எந்த வகை என்று கையேட்டைப் பாருங்கள். எங்களுடையது அதுவல்ல, பார்த்துவிட்டேன்.

இப்போது போனில் எண்பது என்று குறித்தாயிற்று. சென்னைப் பயணத்துக்கு மட்டும் நூறு, அதுவும் விடியற்காலை புறப்படும் நேரத்துக்கு நிறையும்படி. இன்வெர்ட்டர் பக்கம் மட்டும் போகக்கூடாது என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.