கிள்ளான் பள்ளத்தாக்கின் மழையும் வெள்ளமும்

"இன்று மழை வருமா?" என்ற கேள்வி தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. விடியற்காலையில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கோட்டைத் தாண்டி வழிந்துவிடும். மங்கில் மழைநீர் கலந்துவிடும். ஆகவே, வானத்தைப் பார்த்து நாளைத் தொடங்குவது நம் பெரியோரின் வழக்கம். அந்த அறிவைத் துணையாகக் கொண்டு, கோலாலம்பூரின் வெள்ள வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வோம். காலையில் வெயில், மாலையில் இடிமழை என்று நாளுக்கு நாள் மாறுவது வானிலை. சுமார் 30 ஆண்டுகள் கவனித்து, ஒரு வட்டாரத்தின் இயல்பு இதுவென்று சொல்வது தட்பவெப்ப நிலை.

நம் நாட்டில் மே இறுதி முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றும், நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றும் வீசுகின்றன. முன்னதைச் சுமத்ராவின் மலைகளும் பின்னதைத் தித்திவங்சா மலைத்தொடரும் ஓரளவு தடுக்கின்றன. ஆதலால், காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை மிகுதி. பகல் வெயிலில் தரை சூடாகிறது. ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகி, பிற்பகலில் இடியுடன் கொட்டுகிறது. பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்தும் விடுகிறது.

அப்படியானால் பெரு வெள்ளங்கள் எப்போது வந்தன?

கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் பிறந்த ஊர் கோலாலம்பூர். 1881-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெருந்தீ. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். மரமும் அத்தாப்பும் கொண்ட வீடுகள் அழிந்தன. பின்னர், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டும்படி ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். செங்கல் சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது.

1926 டிசம்பரில் மீண்டும் நகரம் மூழ்கியது. ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றுப் படுகையை உயர்த்தியிருந்ததும் ஒரு காரணம். 1971 ஜனவரி வெள்ளத்தில் கோலாலம்பூரில் 32 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,80,000 பேர் பாதிக்கப்பட்டனர். 2007-இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. ஆயினும் 2021 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்தபோது, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர்.

இந்த நான்கு வெள்ளங்களும் டிசம்பரிலோ ஜனவரியிலோ வந்தவை என்பதைக் கவனியுங்கள். வடகிழக்குக் காற்று வலுக்கும் அந்நாட்களில் சில வேளைகளில் மழை மலையைத் தாண்டி இந்தப் பக்கமும் விடாமல் பெய்யும். ஊறிய மண் அதற்குமேல் நீரை வாங்காது. சிமெண்டுத் தரையோ தொடக்கத்திலிருந்தே வாங்காது. அவ்வேளை கிள்ளான் முகத்துவாரத்தில் கடல் பெருக்கும் சேர்ந்தால், வெள்ளம் வடியத் தாமதமாகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் குடும்பங்கள் பல நகரத்துக்குக் குடிபெயர்ந்தன. வாடகை குறைவென்று ஆற்றோரத்திலும் பள்ளத்திலும் குடியேறியோர் உண்டு. ஆகவே வீடு பார்க்கும்போது, "முன்பு இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது?" என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். டிசம்பரில் மழை இடைவிடாமல் பெய்தால், பிறப்புப் பத்திரங்களையும் அடையாளக் கார்டுகளையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் நெகிழிப் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். வெளியேறச் சொன்னால் தாமதிக்காதீர்கள்.

மாணவர்களே, நேரான பக்கங்கள் கொண்ட ஒரு மைலோ டின்னை வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலையில் அதில் சேர்ந்த நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, தேதியுடன் குறியுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால், ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள். பெரியவர்கள் கண்ணால் அளந்ததை நீங்கள் கணக்கால் அளப்பீர்கள். அந்தக் குறிப்பேடு உங்கள் வீட்டைக் காக்க உதவும்.