கையசைத்தால் நிற்க வேண்டுமா? பெங்களூரில் வாகன மறிப்பின் சட்ட வரலாறு

2022 ஜூன் 27 அன்று, கர்நாடகக் காவல்துறைத் தலைவராக இருந்த பிரவீன் சூத் சமூக ஊடகத்தில் ஓர் உத்தரவை அறிவித்தார். வெறுங்கண்ணுக்குப் புலப்படும் விதிமீறல் இல்லாத நிலையில், ஆவணங்களைச் சரிபார்ப்பதற்காக மட்டும் எந்த வாகனத்தையும் நிறுத்தக்கூடாது. குடிபோதையில் ஓட்டுவோரைக் கண்டறியும் சோதனை மட்டுமே இதற்கு விலக்கு. பெங்களூர் மாநகரக் காவல் ஆணையரும் போக்குவரத்துப் பிரிவின் இணை ஆணையரும் இதனை உடனே நடைமுறைப்படுத்தப் பணிக்கப்பட்டிருப்பதாகவும் அவர் தெரிவித்தார். அவரே முன்பு பெங்களூரின் போக்குவரத்துக் காவலுக்குத் தலைமை வகித்தவர். சிக்னல் ஓரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பிறர் சொல்லி அறிய வேண்டிய நிலையில் இருந்தவர் அல்லர்.

இவ்வுத்தரவு பொதுவெளியில் ஒரு சலுகையாகவே வாசிக்கப்பட்டது. ஆனால் அதன் பின்னே நெடுங்காலமாகத் தீர்க்கப்படாத ஒரு குழப்பம் இருக்கிறது. வாகனத்தை நிறுத்தும் அதிகாரமும் ஆவணத்தைக் கேட்கும் அதிகாரமும் ஒன்றல்ல. சாலையில் அவை ஒரே கையசைவாக வெளிப்படுவதால் ஒன்றெனத் தோன்றுகின்றன, அவ்வளவே.

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இவ்வேறுபாட்டைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அதன் 87ஆம் பிரிவின்படி, சீருடையணிந்த எந்தக் காவலர் பணித்தாலும் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். காவலரோடு இன்னொருவருக்கும் அந்த அதிகாரம் தரப்பட்டிருந்தது என்பது சுவையான செய்தி. வாகனத்தைக் கண்டு மிரண்டு தன் மாடோ குதிரையோ கட்டுமீறும் என அஞ்சும் எவரும் வாகனத்தை நிறுத்தச் சொல்லலாம். மோட்டார் வாகனமே சாலையில் அந்நியனாக இருந்த காலத்தின் கவலை அது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்து 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இவ்விதி 132ஆம் பிரிவில் இடம்பெற்றது. 1994 திருத்தத்துக்குப் பின் அதே பிரிவில் காவலருக்குரிய பகுதி சுருங்கியது. உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, வாகனம் ஒரு விபத்தில் தொடர்புடையதாக இருக்கும்போது நிறுத்தச் சொல்லலாம் என்பதே அதன் இன்றைய வடிவம். மாட்டுக்காரரின் உரிமை மட்டும் குறையாமல் நிற்கிறது!

அப்படியானால் நாள்தோறும் சந்திப்புகளில் நிகழும் மறிப்புக்கு எது ஆதாரம்? போக்குவரத்தை ஒழுங்குபடுத்தக் காவலர் காட்டும் சைகைக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை தனியே உண்டு. அதற்கு அப்பால், 130ஆம் பிரிவே முதன்மையாகச் சுட்டப்படுவது. பொது இடத்தில் வாகனம் ஓட்டுபவர், சீருடையிலுள்ள காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது அது. காப்பீட்டுச் சான்றும் பதிவுச் சான்றும் 158ஆம் பிரிவின் வழி வருகின்றன. கையில் ஆவணம் இல்லாதவரைக் குற்றவாளி என உடனே முடிவுகட்டும் நோக்கமும் சட்டத்துக்கு இருக்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதி, சான்றொப்பமிட்ட நகலை 15 நாள்களுக்குள் சேர்ப்பிக்க இடமளித்தது. 2018 இறுதியில் அவ்விதி திருத்தப்பட்டு, கைப்பேசியில் காட்டும் மின்வடிவ ஆவணமும் செல்லும் என்றாயிற்று. ஆவணம் போலியானது என்றோ, ஓட்டுநர் தப்பிவிடுவார் என்றோ கருதக் காரணம் இருந்தால் ஆவணத்தைக் கைப்பற்ற 206ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உரிமமோ பதிவோ இன்றி ஓட்டப்படும் வாகனத்தையே தடுத்துவைக்க 207ஆம் பிரிவு உதவுகிறது. ஓடும் நிலையிலுள்ள வண்டியின் சாவியைப் பிடுங்க ஒரு பிரிவும் இல்லை. ஆயினும் பெங்களூரில் இருசக்கர வாகனம் ஓட்டிய எவரைக் கேட்டாலும் முதலில் நினைவுகூர்வது சாவியைத்தான்.

சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலான இந்த இடைவெளியைத் தனிமனித ஒழுக்கத்தின் குறையாக மட்டும் காண்பது போதாது. 1963இல் ஆணையரகமாக மாற்றப்பட்ட மாநகரக் காவல்துறை, பின்னர் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வாகனங்களைக் கொண்ட நகரத்தை எதிர்கொண்டது. அவற்றில் மிகப் பெரும்பான்மை இருசக்கர வாகனங்கள். காரை மறிப்பதைவிடப் பைக்கை மறிப்பது எளிது. அதன் ஓட்டுநர் கதவுக்கும் கண்ணாடிக்கும் பின்னால் இல்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். தலைக்கவசக் கட்டாயம் பின்னிருக்கையில் அமர்வோருக்கும் 2016இல் விரிவுபடுத்தப்பட்டபோது, தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படும் குற்றங்களின் எல்லை மேலும் அகன்றது. அபராதத் தொகையும் இங்கு முக்கியம். தலைக்கவசமின்மைக்கு நெடுங்காலம் 100 ரூபாயாக இருந்த தண்டம் 2019 செப்டம்பர் 1 முதல் 1,000 ஆயிற்று. அதே மாதம் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து கர்நாடக அரசு அதனை 500ஆகக் குறைத்தது. நூறு ரூபாய்க் குற்றத்தில் ரசீதுக்கும் ரசீதின்மைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. தொகை பெருகும்போது சாலையோரப் பேரத்தின் கணக்கு மாறுகிறது.

பெங்களூர்த் தமிழரைப் பொறுத்தவரை ‘கண்ணுக்குப் புலப்படுவது’ என்னும் சொற்றொடருக்கு வேறொரு பொருளும் உண்டு. ‘டிஎன்’ என்று தொடங்கும் பதிவெண் குற்றமன்று. ஆனால் அதுவும் கண்ணுக்குப் புலப்படுவதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வாகனத்துக்கே மறுபதிவைக் கோருகிறது. கர்நாடகமோ 2014இல் தன் 1957ஆம் ஆண்டு வாகன வரிச் சட்டத்தைத் திருத்தி, 30 நாள்களுக்கு மேல் தங்கும் வெளிமாநில வாகனம் ஆயுள் வரி செலுத்த வேண்டும் என்றது. தொடர்ந்து போக்குவரத்துத் துறையின் சாலைச் சோதனைகள் நிகழ்ந்தன. நிறுத்தப்பட்டவர் தாம் எப்போது மாநிலத்துக்குள் நுழைந்தார் என்பதைச் சுங்கச்சாவடிச் சீட்டையோ பெட்ரோல் ரசீதையோ கொண்டு மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு ஆளானார். ஒசூரிலிருந்து நாள்தோறும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகும் தொழிலாளி இதை எவ்வாறு மெய்ப்பிப்பார்? 2016இல் கர்நாடக உயர் நீதிமன்றம் இத்திருத்தத்தைச் செல்லாது என்றது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று, காவிரி நீர்ப் பங்கீட்டையொட்டி எழுந்த வன்முறையில், தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் பெங்களூரில் எரிக்கப்பட்டன. அன்று வண்டிகளை மறித்தவர்கள் காவலர்கள் அல்லர். ஆனால் அவர்களும் பதிவெண்ணைத்தான் பார்த்தார்கள். வரிச் சோதனையையும் கலவரத்தையும் ஒரே தட்டில் வைப்பது பிழை. எனினும் பதிவெண் ஓர் அடையாள அட்டையாக மாறிய நகரத்தில், காரணமின்றி நிறுத்தப்படுவது எல்லாருக்கும் ஒரே அனுபவமாக இருப்பதில்லை.

சூத்தின் உத்தரவுக்கு எதிராகவும் வலுவான வாதம் ஒன்று உண்டு. காப்பீடு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. காப்பீடு இல்லாத வண்டி மோதினால், பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுக்காக நிறுவனத்தை நாட முடியாது. பெரும்பாலும் வசதியற்ற ஓர் உரிமையாளரிடமிருந்து அதனைப் பெறப் போராட வேண்டும். திருட்டு வாகனங்களும் ஆவணச் சோதனையில்தான் அகப்பட்டு வந்தன. சாலை மறிப்பை வெறும் தொல்லை என ஒதுக்குவோர் இதற்கு விடை சொல்லியாக வேண்டும். கர்நாடகம் கண்ட விடை கேமரா. 2022 டிசம்பரில் பெங்களூரின் 50 சந்திப்புகளில் தானியங்கிக் கண்காணிப்பு அமைப்பு தொடங்கப்பட்டது. பதிவெண்ணைப் படிக்கும் 250 கேமராக்களும் சிவப்பு விளக்கு மீறலைப் பதியும் 80 கேமராக்களும் அதில் இருந்தன. 

ஆயினும் கை மறையவில்லை. 2025 மே 26 அன்று, பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியிலுள்ள மண்டியாவில், நாய் கடித்த ஒரு சிறுமியைப் பெற்றோர் பைக்கில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றுகொண்டிருந்தனர். பள்ளிப் பருவத்தையும் எட்டாத குழந்தை. தலைக்கவசச் சோதனைக்காகக் காவலர்கள் அவர்களை மறித்தபோது வண்டி நிலைதடுமாறியது. விழுந்த குழந்தைமீது லாரி ஏறியது. ஏ.எஸ்.ஐ. நிலையிலிருந்த மூவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். அதன்பின் மாநிலக் காவல்துறைத் தலைவர் எம்.ஏ. சலீம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: புலப்படும் விதிமீறல் இன்றி நிறுத்தக்கூடாது, வண்டியின் குறுக்கே திடீரெனப் பாயக்கூடாது, சாவியைப் பறிக்கக்கூடாது. மூன்றாண்டுகளுக்கு முன் வந்த உத்தரவே மீண்டும் வந்தது, ஒரு குழந்தையின் சாவுக்குப் பிறகு. சலீமும் பெங்களூர்ப் போக்குவரத்துக் காவலில் நெடுங்காலம் பணியாற்றியவர்.

உத்தரவு ஏன் நிலைக்கவில்லை என்பதற்கான விடை அதன் தன்மையிலேயே இருக்கிறது. அது சட்டத் திருத்தமன்று, மேலதிகாரியின் பணிப்பு. அதை மீறும் காவலர் துறை ஒழுங்கை மீறுகிறார். 130ஆம் பிரிவையோ மீறவில்லை. நிறுத்தப்பட்டவர் சமூக ஊடக அறிவிப்பைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டலாம். எதிரிலிருப்பவரோ சட்டப் புத்தகத்தைக் காட்டலாம். அவர் சொல்வதும் பிழையாக இராது. நாடாளுமன்றம் 1994இல் ஒரு பிரிவில் குறுக்கியதை, இன்னொரு பிரிவு அப்படியே திறந்து வைத்திருக்கிறது.

கேமராவும் சிக்கலைத் தீர்த்துவிடவில்லை, இடம் மாற்றியிருக்கிறது. சாலையோரத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்த வாக்குவாதம், இன்று செலுத்தப்படாத அபராதமாகப் பதிவெண்ணின் பெயரில் சேர்கிறது. 2023 பிப்ரவரியில் நிலுவைக்கு 50 விழுக்காடு தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, ஒன்பது நாள்களில் பெங்களூரில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று. அதே ஆண்டு மார்ச்சிலும் ஜூலையிலும் தள்ளுபடி மீண்டும் வந்தது. 2025 ஆகஸ்டு 23 முதல் செப்டம்பர் 12 வரை இன்னொரு முறை. உடனே கட்டியவருக்கு முழுத்தொகை, காத்திருந்தவருக்குப் பாதி. இதற்கிடையே வண்டியைக் கைமாற்றிப் பதிவை மாற்றாமல் விட்டவர்களின் பழைய கைப்பேசி எண்களுக்கும் முகவரிகளுக்கும், யாரோ ஓட்டிய வண்டியின் அறிவிப்புகள் போய்க்கொண்டிருக்கின்றன.